கல்லெறிவது தீர்வன்று

ஃபஜ்ருத் தொழுகைக்குச் செல்வோரைத் தெருநாய்கள் குரைத்து விரட்டுகின்றன என்பது பல மஹல்லாக்களில் கேட்கும் முறையீடு. சிறுவர்கள் கையில் கல்லுடன் நடக்கின்றனர். ஆனால், குரைக்கும் நாய் பெரும்பாலும் அஞ்சியே குரைக்கிறது. எறியப்படும் ஒவ்வொரு கல்லும் அந்த அச்சத்தை வளர்க்கும். மறுநாள் அது இன்னும் உரக்கக் குரைக்கும்.

ஓடாமல், அதன் கண்ணை உற்றுநோக்காமல், விலகி மெதுவாக நடப்பதே முதல் வழி. பாதையை விட்டு ஒதுங்கிய ஓரிடத்தில் நாள்தோறும் சிறிது உணவு வைத்து எட்ட நின்றால், மனிதரின் வருகை அதற்கு நன்மையின் அடையாளமாகும். வாரங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும். கடித்துவிட்டாலோ, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே தடுப்பூசி போட வேண்டும்.

நாய் வாய்வைத்த பாத்திரத்தை 7 முறை கழுவச் சொன்ன மார்க்கமே, தாகித்த நாய்க்குத் தோல் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரை அல்லாஹ் மன்னித்ததையும் சொன்னது (புகாரி). அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அவர்கள் கையிலுள்ள கல்லையும் கீழே போடச் சொல்வோம்.