புது மீற்றர் பூச்சியத்தில் தொடங்கினாலும் பைக் பழசுதான்



போன கிழமை என்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு டிஜிட்டல் மீற்றர் பூட்டினேன். பழைய மீற்றரின் கேபிள் இரண்டு வருஷத்தில் மூன்று தரம் அறுந்துவிட்டது. வட்டைக்குப் போய் வருகிற பைக், சேறும் தண்ணியும் பட்டால் கேபிள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கடைசியாக அறுந்த பிறகு இரண்டு மாசம் முள் அசையாமலே ஓடினேன். பிள்ளைகளுக்கு "மெதுவாப் போங்க" என்று சொல்கிற வாத்தியாருக்குத் தன்னுடைய வேகமே தெரியாது!

வேலை முடிந்ததும் கராஜ் பாஸ் சொன்னார்: "சேர், இப்ப ஓடின கிலோமீற்றர் பூச்சியம். விக்கிறெண்டா இதான் நேரம்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற ஒருவர் சிரிக்காமலே "நல்ல யோசனைதானே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குகளின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் என் மச்சான் ஒரு பைக் வாங்கினார். மீற்றரில் 19,000 கிலோமீற்றர்தான். மூன்று மாசத்தில் புகை தள்ளத் தொடங்கியது. எஞ்சினைத் திறந்து பார்த்தவர், இந்தத் தேய்மானம் 19,000க்கு வராது என்றார். விற்றவரிடம் கேட்டால், "மீற்றர் மாத்தினது, நீங்க கேக்கல்லயே" என்று பதில். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தாலும் நம்மில் அதிகம் பேருக்குக் கைக்கு எட்டுவது பழைய பைக்தான். தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வியாபாரியும் ஈரம் இல்லை என்று பொய் சொல்லவில்லை. ஈரமானதைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

மீற்றர் மாற்றுவது பிழையென்று நான் சொல்லவில்லை. உடைந்த மீற்றரோடு ஓடுவதைவிட அது எவ்வளவோ நல்லது. பழைய எண்ணை மறைப்பதுதான் பிழை.

இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நான் பூட்டிய வகையில் முன் சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே சில மில்லிமீற்றர் இடைவெளியில் ஒரு சென்சர். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு துடிப்பு. அந்த ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நாம்தான் மீற்றருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டயரில் சோக்கால் ஒரு கோடு போட்டு, பைக்கில் ஆள் ஏறியிருக்க, நேராக ஒரு சுற்று உருட்டி அளந்தோம். 1,760 மில்லிமீற்றர் வந்தது. மீற்றரில் ஏற்கனவே இருந்தது 1,500. அதை அப்படியே விட்டிருந்தால் மீற்றர் 50 காட்டும்போது நான் உண்மையில் 58, 59இல் போய்க்கொண்டிருப்பேன். பாடசாலை விடுகிற நேரம் ரோட்டில் நிற்கிற உங்களுக்கு அந்த வித்தியாசத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஓடிய தூரமும் அதே அளவில் குறைந்துதான் பதியும், ஒயில் மாற்றுகிற நாளும் பிந்தும்.

(கடற்கரையில் ஓடுகிற நாலு சக்கர பைக்குக்கும் இதே கணக்குத்தான். அந்த டயர்களுக்குக் காற்று மிகக் குறைவாக அடிப்பதால், ஆள் ஏறாமல் அளந்தால் இன்னும் கூடப் பிழைக்கும்.)

வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்துத்தான் வயரைக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் அதுவும் கேபிள் போலத்தான் அறும்.

சில மீற்றர்களில் பழைய கிலோமீற்றரைப் பதியலாம். என்னுடையதில் முடியவில்லை. அதனால் பாஸிடம் பில்லிலேயே எழுதித் தரச் சொன்னேன்: திகதி, பழைய மீற்றரில் 46,312, அதற்குப் பிறகு இரண்டு மாசம் மீற்றர் இல்லாமல் ஓடியது, புது மீற்றர் பூச்சியத்தில் தொடக்கம், சக்கர அளவு 1,760. முதலில் "இதெல்லாம் எதுக்கு சேர்" என்றார். பிறகு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நம் ஊர் கராஜ் பாஸ்மார் எல்லோரிடமும் நான் கேட்பது இந்த இரண்டு வரியைத்தான். வாங்கப் போகிறவர்களும், டிஜிட்டல் மீற்றரைக் கண்டால் கேட்க வெட்கப்படாதீர்கள்: "எப்ப மாத்தினது? அப்ப பழசில எவ்வளவு?"

என்னுடைய பழைய மீற்றரை நான் வீசவில்லை. பில்லோடு சேர்த்துச் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். பைக்கை வாங்குகிறவருக்கு அதுவும் சேர்த்துத்தான், இன்ஷா அல்லாஹ்.