மழலையின் கையில் முதற் புத்தகம்

சென்ற மாதம் வல்லத்திராக்கோட்டையில் உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே பதினான்கு மாதக் குழந்தை ஒன்று. அதன் தாய், தான் வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகத்தைப் பெருமிதத்துடன் காட்டினாள். பொத்தானை அழுத்தினால் பசு கத்தும், சேவல் கூவும், ஆங்கிலப் பாட்டு ஒலிக்கும். குழந்தையோ பின்புறத்து மூடியையே நோண்டிக்கொண்டிருந்தது. திருகாணி இல்லாத மூடி. என் கண்ணெதிரிலேயே திறந்துகொண்டது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பாட்டரிகள்!

தாய்மார்களே, இவ்வகைப் பாட்டரி உணவுக் குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திற்குள் குழாயின் சதை வெந்து போகலாம். வாழைப்பழம் ஊட்டி வெளிவரும் எனக் காத்திருப்பதும், வாந்தியெடுக்கச் செய்வதும் பெருந்தவறு. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எனவே, புத்தகம் வாங்குமுன் அதனைக் குழந்தையின் கண்ணாலும் வாயாலும் பாருங்கள். ஆம், வாயாலும்தான்! ஓராண்டு நிரம்பாத மழலைக்குக் கடித்துப் பார்ப்பதும் ஒருவகை வாசிப்பே. முனைகள் வளைவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். சாய நாற்றம் கூடாது. ஒட்டிய துணி, மணி, கண் போன்றவற்றை நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அப்புத்தகம் வேண்டாம். விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 சனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மையோடு இணைந்து வரும் புத்தகத்திலும் அதனைத் தேடுங்கள்.

பிறந்த குழந்தையின் பார்வை 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவிலேயே தெளிவாக நிற்கும். ஆகவே முதல் மாதங்களில் கறுப்பு வெள்ளையிலான பெரிய உருவங்கள் போதும். ஆறு மாதத்திற்குப் பின், பக்கத்திற்கு ஒரு படமாக, வீட்டில் காணும் பொருள்கள். ஓராண்டு கடந்ததும், திறந்து பார்க்கும் மடிப்பும் விரல் நுழைக்கும் துளையும் கொண்டவை. இரண்டு வயதில் சிறு கதை.

தொட்டு விளையாடும் புத்தகம் புதியதன்று. அமெரிக்காவில் டாரதி குன்ஹார்ட் என்னும் அம்மையார் 1940-இலேயே தடவிப் பார்க்கும் முயல் புத்தகத்தை அளித்தார். எரிக் கார்ல் 1969-இல் கம்பளிப்புழு தின்ற துளைகளைப் பக்கங்களில் இட்டார். எரிக் ஹில் 1980-இல் மடிப்புகளுக்குப் பின்னே நாய்க்குட்டியை ஒளித்து வைத்தார். இவற்றில் பாட்டரி கிடையாது. ஒலிப்பது வாசிப்பவரின் குரலே.

நான் கண்ட வீட்டில் அக்குரல் அடங்கிப் போயிருந்தது. குழந்தையின் அப்பத்தா, 1991-இல் புதுக்கோட்டை மாவட்டமெங்கும் எழுந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்றவர். “நீங்கள் வாசித்துக் காட்டலாமே” என்றேன். “அதுதான் தானாகவே பாடுகிறதே, நான் எதற்கு?” என்றார். அச்சொல் என்னை வருத்தியது.

அன்று மாலை மூவரும் அமர்ந்தோம். பழைய நாட்காட்டி அட்டைகளைத் துண்டுகளாக்கி, இதழ்களில் வந்த பசு, கோழி, குடம், நிலா ஆகிய படங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டினோம். துணிப்பட்டை வைத்து ஓரங்களை இணைத்தோம். குடத்தின்மேல் ஒரு காகித மடிப்பு. “அத்தை, பெயர்களை நீங்கள் எழுதுங்கள்” என்று மருமகள் பேனாவை நீட்டினாள். முதலில் தயங்கியவர், பிறகு கைநடுங்க ‘பசு’ என்று எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். குழந்தை படத்தைப் பார்த்தது, பிறகு அப்பத்தாவின் வாயைப் பார்த்தது, “பா” என்றது.

இம்மாவட்டத்து இராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களையும் படங்களோடு சேர்த்துப் பாடலாம். விலையுயர்ந்த புத்தகம் இல்லையே என்று எந்தத் தாயும் ஏங்க வேண்டியதில்லை. மடியும் குரலும் நாள்தோறும் பத்து நிமிடமும் இருந்தால், நான்கு அட்டைகளே நூலகமாகும்.