கரவெட்டிச் சவர்க்காரமும் கணக்கில் வராத கூலியும்

"வீட்டில தானே பிள்ளை செய்யிறாய், பிறகேன் இவ்வளவு விலை?"

வடமராட்சியில் வீட்டுக் கைத்தொழில் செய்யும் பெண்களில் இந்தக் கேள்வி காதில் விழாதவர்கள் இருக்கமாட்டார்கள். கேட்பவர்கள் பகைவர்கள் அல்லர். அயல்வீட்டு மாமி கேட்பார், கோவிலடியில் காணும் ஆசிரியை கேட்பார், கனடாவிலிருந்து வந்து நிற்கும் மச்சாளும் கேட்பார். வீட்டில் செய்வதால் கடை வாடகை இல்லை என்பது உண்மைதான். வீட்டில் செய்வதால் செய்பவளுக்குக் கூலியும் இல்லை என்று தீர்மானித்தவர் யார் என்பதே என் கேள்வி.

கரவெட்டியில் வேப்பெண்ணெய்ச் சவர்க்காரமும் செவ்வரத்தம்பூ எண்ணெயும் அரப்புத் தூளும் செய்து விற்கும் பெண்ணொருவரை அறிவேன். பெயரும் குறிச்சியும் இங்கு வேண்டாம். கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர். அவருடைய கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். எண்ணெய், கோஸ்ரிக் சோடா, வாசனை, உறை, முச்சக்கரவண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தது. அவருக்கு மட்டும் வரி இல்லை.

சவர்க்காரம் செய்வதென்பது எண்ணெயையும் காரத்தையும் கலந்துவிட்டு நித்திரைக்குப் போகும் வேலை அன்று. ஒரு கிலோ தேங்காயெண்ணெயை முழுவதும் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 183 கிராம் கோஸ்ரிக் சோடா வேண்டும். வேப்பெண்ணெய்க்கு அதைவிடக் குறைவு. காரம் மிஞ்சினால் தோலைச் சுடும். ஆகவே கவனமானவர்கள் கணக்கில் வருவதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தே போடுவார்கள். 800 கிராம் தேங்காயெண்ணெயும் 200 கிராம் வேப்பெண்ணெயும் சேர்த்தால் 165 கிராம் சோடாவும் 350 கிராம் அளவில் தண்ணீரும் போகும். ஊற்றும்போது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கும் கலவை, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாடக் காய்ந்தபின் 1,300 கிராம் அளவுக்கு வந்துவிடும். 100 கிராமில் 13 கட்டி. ஒன்று உடைந்தோ மாதிரிக்குக் கொடுத்தோ போய்விடும். விற்பனைக்கு 12. ஊற்றிய நிறையை வைத்து விலை போடுபவர்கள் முதல் நாளே நட்டப்படுவது இங்கேதான்.

இனி ரூபாக் கணக்கு. சந்தை விலை நாளுக்கு நாள் மாறுவதால் இவற்றை உதாரண எண்களாகவே கொள்ளுங்கள். எண்ணெய் இரண்டும் 1,300 ரூபா, சோடா 200, மஞ்சளும் வாசனையும் 150, உறையும் சிட்டையும் 240, போக்குவரத்து, மின்சாரம், தொலைபேசி 200, அச்சு, தராசு, கையுறை ஆகியவற்றின் தேய்மானம் 60. கூட்டினால் 2,150. கட்டிக்கு 179 ரூபா. இவர் 200 ரூபாவுக்கு விற்கிறார். "இருபது ரூபா லாபம் அண்ணை" என்கிறார்.

லாபமா? எண்ணெய் வாங்க நெல்லியடிக்குப் போய்வரவும் விற்பனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் இரண்டு மணித்தியாலம், கலக்க இரண்டு, வெட்ட ஒன்று, சுற்றிச் சிட்டை ஒட்ட ஒன்று என ஆறு மணித்தியாலம் போகிறது. பன்னிரண்டு கட்டியில் கிடைத்த 250 ரூபாவை ஆறால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 42 ரூபா. இலங்கைச் சட்டம் விதித்த தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. 2026க்கு உரிய நாட்கூலி 1,200 ரூபா. எட்டு மணித்தியாலமாகப் பிரித்தால் மணிக்கு 150. அச்சட்டம் கூலிக்கு ஆள் வைப்பவரைக் கட்டுப்படுத்துமேயன்றித் தானே முதலாளியும் தானே தொழிலாளியுமான பெண்ணைக் கட்டுப்படுத்தாது. இந்த முதலாளி தன் ஒரே தொழிலாளிக்குச் சட்டக் கூலியில் நாலிலொரு பங்குக்குச் சற்று மேல் கொடுக்கிறார். வேறு எவராவது அப்படிக் கொடுத்தால் நாம் பத்திரிகையில் எழுதுவோம்.

ஆறு மணித்தியாலத்துக்கு 900 ரூபா கூலி சேர்த்தால் மொத்தம் 3,050. கட்டிக்கு 254 ரூபா. கடைக்காரர் நூற்றுக்கு இருபது கழிவு கேட்டால் என்ன செய்வது? பலர் 254உடன் அதன் இருபது வீதத்தைக் கூட்டி 305 என்று போடுகிறார்கள். கடைக்காரர் எடுப்பதோ விற்ற விலையில் இருபது வீதம். 305இல் 61 போக மிஞ்சுவது 244. கட்டிக்குப் பத்து ரூபா கையை விட்டுப் போகிறது. 254ஐ 0.8ஆல் பிரிக்கவேண்டும். 318 வரும். பொதியில் ஆகக்கூடிய சில்லறை விலையைப் பொறித்துவிட்டால் கடைக்காரர் அதற்கு மேல் விற்க முடியாது என்பதால், கழிவு அந்த விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும். குறைத்து அச்சிட்ட சிட்டை, தீரும்வரை செய்தவரின் கையைக் கட்டிப்போடும்.

விலையைக் குறைக்கவே வேண்டுமென்றால் குறைக்க வேண்டிய இடம் வேறு. ஒரே நாளில் இரட்டை மடங்கு கலந்தால் 24 கட்டிக்கு எட்டு மணித்தியாலம் போதும். நெல்லியடிக்குப் போகும் பயணம் ஒன்றுதான். கட்டியொன்றின் கூலி 75இலிருந்து 50 ஆகிறது. அடக்கம் 229, கடைக் கழிவோடு 286. முன்னூறு ரூபா என்று எழுதலாம்.

"முன்னூறு எண்டால் ஆர் வாங்குவினம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாதம் 48 கட்டி 200 ரூபாவுக்கு வீட்டிலிருந்தே விற்றால் பொருட்செலவு போக மிஞ்சுவது 1,008 ரூபா. முன்னூறாக்கியதும் மூன்றில் ஒரு பங்கினர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 32 கட்டி விற்கும். மிஞ்சுவது 3,872. வேலை குறைகிறது, கையில் காசு கூடுகிறது. வாடிக்கையாளரில் ஒருவரையும் இழக்காத விலை பெரும்பாலும் தவறான விலையாகவே இருக்கும்.

தொழிற்சாலைச் சவர்க்காரம் இதைவிட மலிவாக இருப்பதில் வியப்பில்லை. லக்ஸும் லைஃப்போயும் தொன் கணக்கில் வாங்கிய கொழுப்பில் இயந்திரம் பிழிந்து தள்ளுபவை. பெரிய ஆலைகள் சவர்க்காரமாகும்போது பிறக்கும் கிளிசரினையும் பிரித்தெடுத்துத் தனியே விற்கின்றன. வீட்டுச் சவர்க்காரத்தில் அது கட்டியிலேயே தங்கிவிடுகிறது. 'கொஹோம்ப' என்பது சிங்களத்தில் வேம்பு. வேலிக்கு வேலி வேம்பு நிற்கும் நம் ஊரில் தெற்கிலிருந்து வரும் கொஹோம்பச் சவர்க்காரத்தைப் பேரம் பேசாமல் வாங்குகிறோம். பேரம் எல்லாம் அயல்வீட்டுப் பெண்ணிடந்தான்.

சுயதொழில் பற்றிப் பேசுவோர் கடலூர்க் கதையைச் சொல்லத் தவறுவதில்லை. சின்னிக்கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்றார். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 இந்திய ரூபா முதலோடு தனியே தொடங்கிய 'சிக்' ஷாம்பூ, பின்னர் ஐம்பது காசு உறையாகக் கிராமமெங்கும் பரவியது. அருமையான கதை. ஆனால் ஐம்பது காசில் பிழைத்தது இலட்சக்கணக்கில் உறை அடைத்த இயந்திரம். கையால் கலந்து கத்தியால் வெட்டும் ஒருத்திக்கு அந்தக் கதையைச் சொல்லி "மலிவாகக் கொடு" என்பது, மாட்டுவண்டிக்காரனுக்குப் புகையிரத நேரசூசியைக் கொடுப்பது போன்றது.

நமக்குச் சவர்க்காரத்தின் அருமை தெரியாததன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவனாக இருந்த நாட்களில், பொருளாதாரத் தடையில் அகப்பட்டவற்றுள் சவர்க்காரமும் ஒன்று. பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். பனம்பழத்தின் கசப்புக்குக் காரணமான ஃபிளபெலிஃபெரின்கள் நுரைக்கும் சப்போனின் இனத்தவை என்ற விஞ்ஞானம் அப்போது நமக்குத் தெரியாது. கொடியில் காயும் சாறத்தை மாடு வந்து சப்பும் என்பது தெரியும். அதற்கு முந்திய தலைமுறைக்கு 'மில்க்வைற்' இருந்தது. பனை நடுகைக்காகவும் 'மில்க்வைற் செய்தி' இதழுக்காகவும் நினைவுகூரப்படும் க. கனகராசாவின் அந்த யாழ்ப்பாணத்துச் சவர்க்காரத்தை ஊர்ச்சனம் இரக்கப்பட்டு வாங்கவில்லை. ஊத்தை போனதால் வாங்கியது.

விலைக் குறைப்பின் பின்னே கடன் நிற்பதையும் சொல்லவேண்டும். போருக்குப் பின் வடக்கில் நுண்கடன் நிறுவனங்கள் வீடு வீடாக ஏறின. நிலைமை முற்றி, 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன் நிலுவைகளைத் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. சவர்க்காரம் காய ஆறு வாரம். நுண்கடனின் தவணைக்காரர் வருவதோ வாராவாரம். முதற்கட்டி விற்குமுன் ஐந்தாறு தவணை கட்டியாகவேண்டும். அப்போது என்ன நடக்கும்? மூன்றாம் வாரமே ஈரக்கட்டியை எடுத்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் வீட்டில் அது கிணற்றடியிலேயே கரைந்து போகும். மறுமுறை அவர் வரமாட்டார். "ஊர்ச் சவர்க்காரம் சரியில்லை" என்ற பெயரும் வந்துவிடும். கடன் கொடுத்துத் தொழில் தொடக்குவோர் தவணையை ஏழாம் வாரத்திலிருந்து தொடங்கினால் குடியா முழுகிவிடும்?

மூலப்பொருள் விலையிலும் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2024 இறுதியில் தேங்காய் தட்டுப்பட்டு விலை ஏறியது. "பழைய எண்ணெயில் செய்தது, பழைய விலைக்கே தருகிறேன்" என்பது நேர்மையாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் காசை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த போத்தல் எண்ணெய் வராது. அடுத்து வாங்கப்போகும் எண்ணெயின் விலையே இன்றைய கட்டியின் விலையில் இருக்கவேண்டும். வியாபாரி இதை இயல்பாகச் செய்கிறார். வீட்டுப் பெண் செய்தால் கொள்ளைக்காரி.

உருசியப் பொருளியலறிஞர் சயனோவ் 1920களில் உழவர் குடும்பங்களைப் பற்றி எழுதியது நினைவுக்கு வருகிறது. கூலிக்கு ஆள் வைத்த பண்ணை நட்டத்தில் மூடிவிடும் விலையிலும் குடும்ப உழவன் தொடர்ந்து பயிரிடுவான். தன் வீட்டார் உழைப்புக்கு அவன் கூலி போடுவதில்லை. ஸ்டாலின் ஆட்சி 1937இல் அவரைச் சுட்டுக்கொன்றது. அவர் சொன்னதை வடமராட்சி வெங்காயத் தோட்டத்தில் இன்றும் பார்க்கலாம். தோட்டக்காரரின் கணக்கில் மனைவி களை பிடுங்கிய நாட்கள் இல்லை. அதே பழக்கம் சவர்க்காரப் பாத்திரத்துக்குள்ளும் வந்திருக்கிறது. பெண்ணின் வேலை "சும்மா இருக்கிற நேரத்தில்" செய்யப்படுவது என்று கணவரும் நினைக்கிறார், பயிற்சி கொடுக்க வரும் அலுவலரும் நினைக்கிறார். அதிகாலை நாலரைக்கு எழும்பும் ஒருத்தி எந்த நேரத்தில் சும்மா இருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு ஒன்று. லண்டனிலோ ரொறன்ரோவிலோ கைச் சவர்க்காரத்துக்கு ஐந்து பவுணும் எட்டு டொலரும் கொடுப்பவர்கள் ஊருக்கு வந்ததும் இருநூறு ரூபாவுக்குப் பேரம் பேசுவதைக் கண்டிருக்கிறேன். அதற்கு நேரெதிரானவர்களும் உண்டு. நூறு கட்டியை ஒன்றாக வாங்கி, ஆயிரம் ரூபா வீதம் காசைக் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். நல்ல மனம். அந்தக் காசை நம்பி அடுத்த மாதமும் நூறு கட்டி ஊற்றப்படுகிறது. அவர்கள் வருவதோ அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு. "வெளிநாட்டுக் கடைகளில் போட்டுவிடுகிறேன்" என்ற வாக்குறுதியிலும் சற்று நிதானம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குவிதிப்படி விற்பனைக்கு வரும் அழகுசாதனப் பொருளுக்குப் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பிரித்தானியாவும் அதே முறையை வைத்திருக்கிறது. கனடாவில் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று பேசாமல் பெட்டி கட்டச் சொல்லாதீர்கள்.

கரவெட்டியில் உங்கள் அம்மாவோ சித்தியோ இருந்தால் அவர் பெயரில் மாதாமாதம் பத்துக் கட்டிக்குச் சொல்லிவையுங்கள். முன்னூறு ரூபா வீதம், காசு முற்பணமாக, ஆறு வாரம் காய்ந்த கட்டி. உதவி என்று சொல்லாமல் வாங்குங்கள். கட்டி கரைந்தால் திருப்பிக் கொடுத்துச் சண்டையும் பிடியுங்கள்.