ஐசியூவுக்கு க்ளெய்ம் வரும், ஹாஸ்பைஸுக்கு?

பழவேற்காடு பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் என்னைப் பார்க்க வந்தார். அப்பாவுக்குக் கேன்சர், கடைசிக் கட்டம். இனி சிகிச்சையில் பலன் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். "சார், அஞ்சு லட்சம் கவர் இருக்கு. ஹாஸ்பைஸ்ல சேர்த்தா க்ளெய்ம் வருமா?"

பெரும்பாலும் வராது. உங்க பாலிசியைத் திறந்து விலக்குகள் பகுதியில் கோட் 05-ஐப் பாருங்க. 2019-ல் ஐஆர்டிஏஐ தரப்படுத்திய வாசகம் அது. மரணத் தறுவாயில் இருப்பவரின் உடல், மன, ஆன்மிகத் தேவைகளுக்கான சேவைக்குப் பணம் கிடையாதுன்னு அதிலேயே இருக்கு. தவிர, பாலிசி கணக்கில் மருத்துவமனைன்னா ஆபரேஷன் தியேட்டர் இருக்கணும். வலியைக் குறைத்து நிம்மதியா வழியனுப்பும் இடத்துக்குத் தியேட்டர் எதுக்கு? (சில கம்பெனி குரூப் பாலிசிகளில் விதி தளர்வா இருக்கலாம், எச்ஆரிடம் கேட்டுப் பாருங்க.)

அதனால என்ன நடக்குது? க்ளெய்ம் வரும் இடத்துக்கே அப்பாவைத் தூக்கிட்டு ஓடுறோம். அவர் ஐசியூவில், நாம கண்ணாடிக்கு வெளியே. கவர் மிச்சம் இருக்கேன்னு இந்த முடிவை எடுப்பது தப்புன்னுதான் நான் சொல்வேன்.

இத்தனைக்கும் ஹாஸ்பைஸ் செலவு நாம பயப்படுற அளவுக்கு இல்லை. மணலி பக்கம் மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா, குணமாக்க முடியாத கட்டத்துக்கு வந்துவிட்ட கேன்சர் நோயாளிகளை இலவசமாகவே பார்த்துக்கொள்கிறது. இது மாதிரி இடங்களில் சேர்க்க பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, சிகிச்சை முடிந்ததுன்னு டாக்டர் தரும் கடிதம், அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கணும். படுக்கை காலியா இருக்கான்னு முதலில் போன் பண்ணிக் கேளுங்க, நோயாளியை அலைய விடாதீங்க. வீட்டிலேயே வெச்சுப் பார்க்கிறவங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க.

உண்மையான செலவு வேற இடத்தில் இருக்கு. அப்பா பக்கத்தில் ஒரு ஆள் உட்காரணும். உங்களுக்கு லீவு போட்டாலும் சம்பளம் வரும். ஊரில் இருக்கும் அண்ணன் தொழிலுக்குப் போகாத நாளில் வீட்டில் காசே கிடையாது. எந்த பாலிசியும் அதைத் தராது, உங்க எமர்ஜென்சி ஃபண்டுதான் தரணும்.

தம்பி அப்பாவை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டார். எஸ்ஐபியை நிறுத்திட்டு, மாசம் பதினஞ்சாயிரம் அண்ணன் கணக்குக்குப் போடுறார்.