ஈன்ற பன்றிக்கு மூலிகைப் பொடி

ஈன்ற பன்றிகளுக்குப் பால் பெருகவும், குட்டிகளுக்குக் கழிச்சல் காணாதிருக்கவும் மூலிகைப் பொடிகளைத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாமா என்று, பன்றி வளர்க்கும் மிராசுதார்கள் பலர் விசாரித்து வருகிறார்கள். இப்பொடிகளை அடியோடு தள்ளிவிட வேண்டியதில்லை. ஆயினும் முதலில் செய்யவேண்டிய காரியங்களைச் செய்யாமல் பொடியை நம்பியிருப்பது பெருநஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

மூலிகைகளின்மேல் இந்த நாட்டம் காரணமின்றி உண்டானதன்று. குட்டிகள் விரைவில் வளரும்பொருட்டுத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கலப்பதை ஸ்வீடன் தேசம் 1986-ம் வருஷத்திலும், ஐரோப்பிய யூனியன் 2006-ம் வருஷத்திலும் தடை செய்தன. அவற்றுக்குப் பதிலாக ஆரிகானோ, தைம் முதலிய செடிகளின் தைலங்கள் பரீட்சிக்கப்பட்டன. தைம் தைலத்திலுள்ள தைமால் என்னும் வஸ்து நமது ஓமத்திலும் ஏராளமாக உண்டு; அது கிருமிகளை ஒடுக்கவல்லது. ஆனால் பரீட்சைகளின் பலன் ஒருபடித்தாக இல்லை. சில பண்ணைகளில் குட்டிகளின் எடை கூடிற்று. வேறு சிலவற்றில் வித்தியாசமே காணவில்லை.

சென்ற மார்கழியில் நான் பார்வையிட்ட ஒரு பண்ணையில், 11 குட்டிகள் ஈன்ற பன்றிக்கு விலையுயர்ந்த பொடி நாள் தவறாமல் போடப்பட்டு வந்தது. தொட்டியிலோ காலையிலும் மாலையிலுமாக 12 லிட்டர் தண்ணீருக்குமேல் ஊற்றப்படவில்லை. பால் கொடுக்கும் பன்றிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர் வரையிலும், கோடையில் அதற்கு மேலும் வேண்டும். தண்ணீர் குறைந்தால் தீவனம் குறையும். தீவனம் குறைந்தால் பாலும் குறையும். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் வெளிறி, மயிர் சிலிர்த்து, மூச்சு வாங்கின. 4 குட்டிகள் செத்தன. சொந்தக்காரர் அதற்குப் பரிகாரமாகப் பொடியின் அளவை இரட்டித்திருந்தார்!

அக்குட்டிகளுக்குக் கண்டது இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை. பன்றிக்குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பதோ சுமார் 1 மில்லிகிராம். தாய்க்கு முருங்கைக் கீரையை எவ்வளவு போட்டாலும் பாலில் இரும்பு குறிப்பிடத்தக்கவாறு ஏறுவதில்லை. மண்ணைக் கிளறித் திரிந்த நாட்டுப் பன்றிகளின் குட்டிகளுக்கு அம்மண்ணிலிருந்தே இரும்பு கிடைத்து வந்தது. சிமெண்டுத் தளம் போட்டபின் அவ்வழி அடைபட்டது. ஆகையால் பிறந்த மூன்றாம் நாளையொட்டிக் கால்நடை வைத்தியரைக் கொண்டு 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போட்டுவிட வேண்டும். ஊசிக்கு வழியில்லாத இடத்தில், பன்றிகள் நடமாடாத நிலத்திலிருந்து சுத்தமான செம்மண்ணை எடுத்துக் குட்டிகளின் மூலையில் நாள்தோறும் போடலாம். ஊசிக்கு அது ஈடாகாது.

சீம்பாலின் விஷயமும் இத்தகையதே. நோயைத் தடுக்கும் சக்தி தாயின் வயிற்றிலிருக்கும்போது குட்டிக்குக் கிட்டுவதில்லை. சீம்பாலின் மூலமே கிட்டுகிறது. ஒரு நாள் சென்றுவிட்டால் குட்டியின் குடல் அதை ஏற்காது. நோஞ்சான் குட்டியைக் கையில் பிடித்து ஊட்ட ஒரு ஆள் அன்றிரவு விழித்திருப்பது எந்தச் சூரணத்தையும்விட மேலானது. பனிக்காலத்தில் வைக்கோற் படுக்கையும் விளக்குச் சூடும் அவசியம்.

இவ்வளவும் சரியாயிருந்து, பன்றி தீவனத்தை மட்டும் மந்தமாய்த் தின்னுமாயின், ஓமம், வெந்தயம், பெருஞ்சீரகம் இவற்றைச் சிறிதளவு இடித்துக் கஞ்சியில் கலந்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. வெந்தயம் கசப்பாகையால் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். ஆமணக்கு விதை கொடிய விஷம். அது தீவனத்தில் சேரவே கூடாது. மடி வீங்கிச் சூடேறிக் கல்லாய்க் கிடக்குமானால் வீட்டு மருந்துகளில் பொழுது போக்காமல் வைத்தியரை அழைக்க வேண்டும்.

பொடியினால் பலனுண்டா என்று அறிய விரும்புவோர் ஒரே சமயத்தில் ஈன்ற சில பன்றிகளில் பாதிக்கு மட்டும் அதைக் கொடுத்து, குட்டிகளைப் பிறந்தவுடனும் 21-ம் நாளிலும் நிறுத்துப் பார்க்கலாம். அதுவரை குட்டி பெரும்பாலும் தாய்ப்பாலிலேயே வளர்வதால் அன்றைய எடையே பாலின் அளவைக் காட்டும். தராசு இல்லாத சிறு குடியானவர்களுக்குக் கிராம அதிகாரிகள் அந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தால் போதும்.