பெற்றோருக்குப் பின் ஓய்வூதியம் யார் கையில்?

ஓய்வூதியர்களாகிய நாங்கள் கூடினால் அகவிலைப்படி பற்றிப் பேசுவோம். நிலுவைத்தொகை பற்றிப் பேசுவோம். அதிகம் பேசாத கேள்வி ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையின் பெற்றோர், தங்கள் மறைவுக்குப் பின் அப்பிள்ளைக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்குமாறு எழுதிவைக்க முடியுமா? மத்திய அரசின் விதிகளில் அதற்கு இடமில்லை.

அறக்கட்டளை என்றதும் நமக்குக் கோயில் கட்டளையும் அன்னதானமும்தான் நினைவுக்கு வருகின்றன. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் பேசுவதோ தனியார் அறக்கட்டளையைப் பற்றி. ஒரே ஒரு பிள்ளையின் நலனுக்காகவும் அதை ஏற்படுத்தலாம்.

மத்தியக் குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகள், 2021 இரக்கமற்றவை அல்ல. மகனுக்கு 25 வயதில் நின்றுவிடும் குடும்ப ஓய்வூதியம், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு. பிள்ளையின் பிற வருமானத்துக்கான வரம்பும் 2021-இல் தளர்ந்தது. முன்பு 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும் என்றிருந்தது, பெற்றோரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் நிவாரணமும் என்றாயிற்று.

குறை, பணம் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது. தாமே நிர்வகிக்க இயலாத பிள்ளைக்குப் பாதுகாவலர் வழியாகவே ஓய்வூதியம் செல்கிறது. அவர் பெரும்பாலும் பெற்றோரின் தலைமுறையைச் சேர்ந்த சித்தப்பாவாகவோ, தனக்கென ஒரு குடும்பம் உள்ள சகோதரியாகவோ இருப்பார். பிள்ளைக்கு 40 வயதென்றால் பாதுகாவலருக்கு 65 இருக்கலாம். அவர் மறைந்தால் மீண்டும் மனு, மீண்டும் சான்றிதழ், மீண்டும் வங்கிப் படிவங்கள். அறக்கட்டளையில் ஓர் அறங்காவலர் மறைந்தால் இன்னொருவர் வருவார். கணக்கு அதே கணக்காக இருக்கும்.

அறங்காவலர் ஏமாற்றமாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான ஐயம். பொருளியலில் இதை முகவர் சிக்கல் என்போம்: யாருக்காகப் பணம் கையாளப்படுகிறதோ, அவரால் கணக்குக் கேட்க இயலாது. ஆனால் இந்த ஐயம் பாதுகாவலருக்கும் பொருந்தும். அதனால்தான் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 பாதுகாவலர் ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதே கடமையை அறங்காவலருக்கும் விதிக்கலாம். பிள்ளை உயிருடன் இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் பெறலாம்.

எனக்கு வியப்பளிப்பது, இதே அரசு வேறோர் இடத்தில் அறக்கட்டளையை ஏற்றுக்கொண்டிருப்பதுதான். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, மாற்றுத்திறனாளிக்காகப் பெற்றோர் எடுக்கும் காப்பீட்டுத் திட்டத்தின் தொகையைப் பெற ஓர் அறக்கட்டளையை நியமிக்க அனுமதித்தது. பெற்றோர் சேமித்த பணத்துக்கு ஏற்புடைய அறக்கட்டளை, பணிக்காலத்தில் ஈட்டிய ஓய்வூதியத்துக்கு மட்டும் ஏன் ஏற்புடையதல்ல?

அமெரிக்கா இதற்குத் தீர்வு கண்டது 2014 டிசம்பரில். ஓய்வுபெற்ற படைவீரரின் உயிர்நீத்தோர் நலத் திட்டத் தொகையை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான சிறப்புத் தேவை அறக்கட்டளைக்குச் செலுத்தச் சட்டம் வழிசெய்தது. அங்கே காரணம் வேறு. அத்தொகை பிள்ளையின் வருமானமாகக் கணக்கிடப்பட்டதால், ஏழைகளுக்கான அரசு உதவித்தொகையும் மருத்துவ உதவியும் பறிபோயின. தந்தையின் ஓய்வூதியமே பிள்ளைக்குத் தண்டனையாயிற்று. நம்மிடம் அந்தச் சிக்கல் இல்லை. எனினும் ஓய்வூதிய அலுவலகம் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புவது நடைமுறையில் சாத்தியம் என்பதற்கு அது சான்று.

நாம் நடப்பதோ எதிர்த்திசையில். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வுபெற்றவர் இறந்தால் அவர் பெற்றுவந்த தொகையில் 60 சதவீதம் சட்டப்படி மணந்த துணைக்குக் கிடைக்கும். துணையும் மறைந்தபின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அத்தொகை தொடர வழி இல்லை. வழியை அறக்கட்டளைக்குத் திறப்பது இரண்டாவது வேலை; முதலில் பிள்ளையை அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.