ஏலத்தில் விலைபோவது எது?

ஒரு மேசைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்? இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ மொல்லினோ 1949இல் துரின் நகரத்து வீடொன்றுக்காக வடிவமைத்த மேசை, 2005இல் கிறிஸ்டீஸ் நிறுவனம் நியூயார்க்கில் நடத்திய ஏலத்தில் 38 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. 2020இல் புரூக்ளின் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த மொல்லினோவின் மற்றொரு மேசையைச் சோதபீஸ் ஏலத்தில் விற்றபோது 61 இலட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. மரமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு பொருளுக்கு இத்துணைப் பணமா என வியப்போர் பலர். அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதே எனக்கு எழும் கேள்வி.

ஏலப் பட்டியல்களைப் படித்தால் ஒரு விடை கிடைக்கும். மொழியாசிரியர்கள் அவற்றை மிகவும் சுவைப்பர். ‘இன்னார் படைத்தது’, ‘இன்னார் படைத்ததாகக் கருதப்படுவது’, ‘இன்னார் பாணியில் அமைந்தது’ என மூவகைத் தொடர்கள் அவற்றில் உண்டு. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் மூன்று நாற்காலிகளின் விலையை இத்தொடர்கள் மலைக்கும் மடுவுக்குமாக மாற்றிவிடும். பொருள் எவர் வீட்டில் இருந்தது, எந்தக் கண்காட்சிக்குச் சென்றது, எங்கே பழுதுபார்க்கப்பட்டது என்ற குறிப்புகளும் விலையை ஏற்றும், இறக்கும். போலிகள் மலிந்த சந்தையில் பெயருக்கும் ஆவணத்துக்கும் மதிப்பிருப்பது இயல்பே.

ஆயினும் அப்பட்டியலில் சிறிய எழுத்தில் வரும் ஒரு பெயரைப் பலர் கவனிப்பதில்லை. மொல்லினோவின் வரைபடங்களுக்கு உருக்கொடுத்தது துரினில் இருந்த அப்பெல்லி - வரேசியோ தச்சுப் பட்டறை. எலும்புக்கூடு போல் வளைந்து நெளியும் அம்மரச் சட்டங்களைத் தாளில் வரைவது ஒரு திறன். அவற்றை மரத்தில் வளைத்துக் காட்டுவது மற்றொரு திறன். பட்டறையின் பெயராவது பட்டியலில் நிற்கிறது. உளி பிடித்த தச்சரின் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

போருக்குப் பிந்திய இத்தாலியின் சிறப்பே இவ்விரு திறன்களும் ஒரே மேசையில் அமர்ந்ததுதான். கட்டடக் கலைஞர் ஜியோ பொன்தி ஒரு நாற்காலியை உருவாக்க எண்ணியபோது, கியாவரி என்னும் கடலோர ஊரில் 19ஆம் நூற்றாண்டு முதல் கைவினைஞர்கள் செய்துவந்த மெல்லிய நாற்காலியை மூலமாகக் கொண்டார். அதைப் பல ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கி, 1957இல் கசினா நிறுவனத்தின் வழி ‘சூப்பர்லெஜ்ஜெரா’வாக வெளியிட்டார். பிரம்பு பின்னிய அதன் எடை 1.7 கிலோ மட்டுமே. படித்தவர் பாமரரின் கைவினையிடம் பாடம் கேட்டதால் விளைந்த நாற்காலி அது.

மட்பாண்டத்திலும் இதே கதைதான். புளோரன்சுக்கு அருகிலுள்ள மொன்தெலூப்போ, மட்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற பழைய ஊர். அவ்வூர் அல்தோ லோந்தி சிறு வயதிலேயே பட்டறையில் தொழில் பழகியவர். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டுத் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர், 1946இல் ஊர் திரும்பிப் பித்தோசி பட்டறையின் கலைப் பொறுப்பை ஏற்றார். ஈரக் களிமண்ணில் கையால் அச்சுகளைப் பதித்து, நீலமும் பச்சையும் கலந்த மெருகேற்றிய அவருடைய ‘ரிமினி புளூ’ குவளைகள் அன்று வீட்டு அலங்காரப் பொருள்களாகக் கடைகளில் விற்றவை. இன்று அவற்றையும் ஏலப் பட்டியல்களில் காண்கிறோம்.

ஆக, பெயர்தான் ஏலத்தில் விலைபோகிறது. அப்பெயரைத் தாங்கி நிற்பதோ இளமையிலேயே பழகிய கை. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. எனினும், கலைக்கல்விப் பாடவேளையைக் கணிதப் பயிற்சிக்கு இரவல் வாங்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. “களிமண்ணைப் பிசைந்து என்ன ஆகப்போகிறது, டீச்சர்?” என்று கேட்கும் பெற்றோரும் உள்ளனர். படிப்பு வராத பிள்ளைக்குத்தான் கைவேலை என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அளந்து வெட்டுவதும், தவறினால் பிரித்து மீண்டும் ஒட்டுவதும், பொருளின் இயல்பறிந்து பொறுமையாகக் கையாள்வதும் அறிவின் வேலையே என்பதை எப்போது ஏற்கப்போகிறோம்?

நம் பிள்ளைகள் செய்யும் மண்குவளை நாளை ஏலத்துக்குப் போக வேண்டும் என்று நான் கூறவில்லை. வாரத்தில் அந்த ஒரு பாடவேளையாவது பறிபோகாமல் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளின் கைவினைப் பொருளைக் காட்சிக்கு வைக்கும்போது, செய்தவர் பெயரையும் வகுப்பையும் தெளிவாக எழுதி வையுங்கள். பெற்றோரே, அது வீட்டுக்கு வந்தால் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் முன், எப்படிச் செய்தாய் என்று ஒருமுறை கேளுங்கள்.